45 விநாடி மூச்சு போதும், காதைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. நிற்காமல் 200 மீட்டர் நீந்துவேன். ஆண்டு விடுமுறையில் ஒரு வெப்பமண்டலத் தீவில், ஒரே மூச்சில் ஆழத்துக்கு மூழ்கும் ஃப்ரீடைவிங்கில் மூன்று நாள் தொடக்கப் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டேன். ஆனால் வீட்டில் தம் கட்டிப் பார்த்தால் 45 விநாடிக்கு மேல் தாங்கவில்லை. பயிற்சியில் 16 மீட்டர் இறங்க வேண்டுமாம். கிளம்ப ஆறு வாரம் இருப்பதால், நீச்சல் குளத்தில் தினமும் மூச்சடக்கிப் பழகலாமா? மூன்று மீட்டர் குளத்தின் அடியைத் தொட்டாலே காது வலிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபாதான் பாதுகாப்பு என்கிறாள் தோழி. இரண்டுமே வேண்டாம் என்கிறார் அம்மா. நீருக்குள் படமெடுக்க ஒரு சிறிய கேமராவும் வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மூச்சைப் பற்றி விரிவாகக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். காதைப் பற்றியோ போகிற போக்கில் ஒரு வரி எழுதிக் கடந்துவிட்டீர்கள். நான் பார்த்த வரையில், தொடக்கப் பயிற்சிக்கு வருகிறவர்களைப் பாதி வழியில் நிறுத்துவது பெரும்பாலும் காதுதான். ஆகவே உங்கள் ஆறு வாரத்தையும் காதின் கணக்கில் எழுதுகிறேன்.

அதற்கு முன் மூச்சைப் பற்றிய பயத்தை ஒரு சிறு கணக்கால் தீர்த்துவிடலாம். மிதவையிலிருந்து கடலுக்குள் தொங்கும் கயிற்றை ஒட்டி நிதானமாக இறங்குபவர் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நகர்கிறார். 16 மீட்டர் இறங்கி அதே தூரம் ஏறினால் 32 விநாடி. அடியில் திரும்புவதற்கும் புதியவருக்குரிய தடுமாற்றத்துக்கும் ஒரு பத்து விநாடி சேர்த்தாலும், நீங்கள் வீட்டில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், பதற்றத்தோடு தாங்கிய அந்த 45 விநாடிக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. நீரில் கைகால் அசைவதால் ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மை. ஆனால் 45-ஆவது விநாடியில் உங்களை மூச்சு விட வைத்தது ஆக்சிஜன் பற்றாக்குறை அன்று. உடலில் கரியமில வாயு சேரச் சேர மூளை நச்சரிக்கத் தொடங்குகிறது. அதற்கும் செவிசாய்க்காவிட்டால் உதரவிதானம் விக்கல் போல வெட்டி வெட்டி இழுக்கும். அந்த நேரத்தில் ஆக்சிஜன் இருப்பு இன்னும் கணிசமாகவே இருக்கும். முதல் நாள், இடுப்பளவு நீரில் முகம் குப்புற மிதந்தபடி, பக்கத்தில் பயிற்றுநர் நின்று நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, அந்த வெட்டலை முதன்முறையாக உணர்ந்து, அது ஒரு தகவல் மட்டுமே என்று நீங்கள் கண்டுகொள்வதுதான் பயிற்சியின் பாதி. முகம் நீரில் அமிழ்ந்தவுடன் இதயத் துடிப்பு தானாகக் குறைவதும், கைகால்களுக்குப் போகும் இரத்தம் குறைந்து நடு உடலுக்குத் திரும்புவதும் நமக்குப் பிறவியிலேயே வாய்த்த உதவிகள். 16 மீட்டர் என்று நீங்கள் குறிப்பிடுவதால் ஃப்ரீடைவிங் சான்றிதழ் தரும் ஐடா (AIDA) என்ற சர்வதேச அமைப்பின் இரண்டாம் படியாக இருக்கலாம்; அது நீரில் அசையாமல் 2 நிமிடம் மூச்சடக்குவதையும், குளத்தில் ஒரே மூச்சில் 40 மீட்டர் நீந்துவதையும்கூடக் கேட்கும். இப்போது அந்த எண்கள் மலைப்பாகத் தெரியும். முறையாகத் தளர்வு கற்றவர்களுக்கு எட்டக்கூடியவையே.

இனி காது. கடல் மட்டத்தில் நம் மீது இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். 10 மீட்டரில் அது இரண்டாகிறது, 20 மீட்டரில் மூன்று. அழுத்தம் இரட்டிக்கும்போது செவிப்பறைக்குப் பின்னாலுள்ள காற்றின் கனஅளவு பாதியாகச் சுருங்க முயல்வதால் செவிப்பறை உள்நோக்கி இழுபடுகிறது. அதுதான் உங்கள் வலி. அடுத்த பாதிக்குச் சுருங்க 30 மீட்டர் வரை போக வேண்டும். அதாவது மிகக் கடுமையான மாற்றம் முதல் பத்து மீட்டரில்தான், குறிப்பாக நீங்கள் வலியைக் கண்ட அந்த முதல் மூன்று மீட்டரில்தான் இருக்கிறது. மூக்கைப் பிடித்து, தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழாயைத் திறந்து, காற்றை அனுப்பிச் சமன் செய்ய வேண்டும். வலி வந்த பிறகு செய்வதில் பயனில்லை, ஏனெனில் அழுத்தம் கூடியதும் அந்தக் குழாயின் வாய் அமுங்கி மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு மீட்டருக்கும், முடிந்தால் அதற்கு முன்னதாகவே, செய்துகொண்டே போக வேண்டும்.

மூக்கைப் பிடித்து வயிற்றிலிருந்து அழுத்தி ஊதுவதுதான் பலரும் அறிந்த முறை, வால்சால்வா என்பார்கள். தலைகீழாக இறங்கும்போது இது சீக்கிரம் கைவிடும். நுரையீரலும் சுருங்குவதால் ஊதுவதற்குக் காற்றைத் திரட்டுவது கடினம். ஃபிரென்செல் என்கிற மற்றொரு முறையில் வயிற்றுக்கு வேலையே இல்லை, நாக்குதான் பிஸ்டன். கண்ணாடி முன் அமர்ந்து, வாயில் கொஞ்சம் காற்றை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கனமான பெட்டியைத் தூக்கும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறதே அப்படி அடைத்துவிட்டு, 'க்' என்று சொல்ல முனையுங்கள். நாக்கின் பின்பகுதி மேலெழும், குரல்வளை மேட்டில் ஓர் அசைவு தெரியும், மூக்கின் இரு பக்கமும் லேசாக உப்பும், காதில் 'டப்' என்று ஒரு மெல்லிய ஒலி கேட்கும். மற்றொரு கையை வயிற்றில் வைத்திருங்கள். வயிறு அசைந்தால் நீங்கள் இன்னும் பழைய முறையில்தான் இருக்கிறீர்கள். தினமும் சில நிமிடம், பேருந்திலோ அலுவலக நாற்காலியிலோ செய்யலாம். மென்மையாகச் செய்யுங்கள், காதைத் திறக்க பலம் தேவையே இல்லை. நன்றாகப் பழகிய பிறகு கட்டிலின் விளிம்பிலிருந்து தலையைத் தொங்கவிட்டுச் செய்து பாருங்கள். நேராக இருக்கையில் எளிதாக வந்தது அங்கே முரண்டு பிடிக்கும். கடலில் நீங்கள் சந்திக்கப் போவது அந்த முரண்டைத்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சி எடுத்த இரண்டாம் நாள் காலை, மூக்கு லேசாக அடைத்திருந்தது. பயிற்றுநர் படகில் ஏறுமுன் ஒவ்வொருவரிடமும் மூக்கும் காதும் எப்படி என்று கேட்டார். பின்தங்கிவிடுவோமோ என்ற வெட்கத்தில், நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். கயிற்றைக் கைமாற்றி இழுத்தபடி தலைகீழாக இறங்கினேன். ஐந்து மீட்டர் அடையாளம் வரை வலது காது ஒத்துழைத்தது. அதன் பிறகு 'கீச்' என்று ஒரு குறுகிய ஒலி மட்டும் வந்தது, காற்று போகவில்லை. கயிற்றைப் பிடித்து நின்றிருக்க வேண்டும், ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயன்றிருக்க வேண்டும். நான் அழுத்தி ஊதிக்கொண்டு இன்னும் இரண்டு கைப்பிடி இறங்கினேன். மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றியபோது அதன் ஓரத்தில் சளியோடு ஒரு கீற்று இரத்தம். பயிற்றுநர் என்னைத் திட்டவில்லை. படகில் ஏறி உட்காருங்கள் என்று மட்டும் சொன்னார். மிச்ச நாட்கள் கரையில் கழிந்தன. இரண்டு வாரம் எல்லோரும் அடுத்த அறையிலிருந்து பேசுவது போலவே கேட்டது. சளி இருந்தால் அன்று இறங்காதீர்கள். அடைப்பு நீக்கும் மருந்து போட்டுக்கொண்டு இறங்குவதும் சரியன்று. அதன் வேகம் ஆழத்தில் தீர்ந்தால், மேலேறும்போது விரியும் காற்று வெளியேற வழியின்றி உள்ளே சிக்கிக்கொள்ளும்.

குளத்தில் தினமும் மூச்சடக்கிப் பழகலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது என்பதே. இந்த ஒரு விஷயத்தில் உங்களோடு பேரம் பேச நான் தயாராக இல்லை. தனியாக நீரில் மூச்சடக்காதீர்கள். குளத்தில் மட்டுமல்ல, குளியல் தொட்டியிலும்கூட. காரணத்தைச் சொல்கிறேன். வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு மூழ்கினால் ஆக்சிஜன் குறிப்பிடும்படி கூடுவதில்லை. கரியமில வாயுதான் வெளியேறிக் குறைந்துவிடுகிறது. அதனால் நச்சரிப்பு தாமதமாகிறது, தாங்கும் நேரம் நீண்டுவிட்டதாக மகிழ்கிறோம், எச்சரிக்கை மணி ஒலிக்குமுன்பே ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்புகிறது. வலியோ திணறலோ இருக்காது, தப்பியது தெரியவே தெரியாது. கடலில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. ஆழத்தில் அழுத்தம் அதிகமாக இருப்பதால் மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் மூளைக்குப் போதுமானதாகவே கிடைக்கிறது. மேலேறும்போது அழுத்தம் சரசரவென்று குறைய, அதே ஆக்சிஜன் போதாமல் போகிறது. ஆகவே மயக்கம் பெரும்பாலும் கடைசி சில மீட்டர்களிலோ, நீர்ப்பரப்புக்கு வந்து தலை வெளியே தெரிந்த பிறகோதான் வருகிறது. 41 உலகச் சாதனைகள் படைத்த ரஷ்ய வீராங்கனை நதாலியா மொல்ச்சனோவா, 2015 ஆகஸ்ட்டில் ஸ்பெயினின் ஃபோர்மென்டேரா தீவருகே, தனக்குச் சாதாரணமான ஆழத்துக்கு மூழ்கியவர் திரும்பவே இல்லை. திறமை இதற்குக் காப்பீடு அன்று. உலர்ந்த இடத்தில், படுக்கையில் மல்லாந்து படுத்துப் பழக விரும்பினால் பழகுங்கள்; அங்கேயும் வேகமூச்சு வேண்டாம்.

ஆழத்துக்கு இறங்குவதைவிட, மேலே நின்று பார்த்துக்கொள்வதைத்தான் நல்ல பயிற்சியில் அதிகம் சொல்லிக்கொடுப்பார்கள். ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் மேலே, முகத்தை நீரில் வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியே வந்தவர் மிதவையைப் பிடித்தபடி, மூச்சை முழுதாக வெளியே ஊதிவிடாமல், 'ஹக்' என்று சட்டென உள்ளிழுத்து ஒரு கணம் நிறுத்தி மெல்ல விட்டு, அதை மூன்று நான்கு முறையாவது செய்து, சரி என்று சைகை காட்ட வேண்டும். அதன் பிறகும் 30 விநாடி வரை கூட்டாளி கண்ணை எடுக்கக் கூடாது. மயங்கியவரின் முகத்தை நீருக்கு மேலே ஏந்தி, மாஸ்க்கைக் கழற்றி, கண்களின் மீது ஊதி, கன்னத்தைத் தட்டி, பெயர் சொல்லி மூச்சு விடச் சொல்வதைப் பலமுறை செய்து காட்டச் சொல்வார்கள். சிலர் இதை நாடகம் போல நினைத்துச் சிரிப்பார்கள். அப்படிச் சிரிப்பவரைக் கூட்டாளியாக ஏற்காதீர்கள்.

பணம் கட்டிய பள்ளியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. தாய்லாந்தின் கோ தாவோ, இந்தோனேசியாவின் கிலி திராவாங்கான் போன்ற தீவுகளில் ஃப்ரீடைவிங் பள்ளிகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், தேர்வு செய்ய வசதியும் உண்டு, அவசரப் பயிற்சிக்கு இடமும் உண்டு. ஒரு பயிற்றுநரிடம் கடலில் எத்தனை மாணவர், படகில் ஆக்சிஜன் உருளை உண்டா, காது ஒத்துழைக்காவிட்டால் மற்றொரு நாள் கடலுக்குப் போகலாமா என்று எழுதிக் கேளுங்கள். நான்கு பேருக்கு மேல் என்றால் எனக்குச் சம்மதமில்லை. சான்றிதழுக்கு உத்தரவாதம் தருகிற பள்ளி என்றால் பணம் போனாலும் விலகிவிடச் சொல்வேன். சேரும்போது உடல்நலப் படிவம் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காது அல்லது சைனஸ் அறுவைச் சிகிச்சை, முன்பு எப்போதாவது நுரையீரல் சுருங்கியது போன்றவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று எழுத நேர்ந்தாலும் மருத்துவர் கையெழுத்து தேவைப்படும். சின்னத் தீவில் மருத்துவரைத் தேடி அலைவதைவிட, படிவத்தை இப்போதே வரவழைத்துக் காது மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது.

நீர் வெதுவெதுப்பாக இருப்பதால் மெல்லிய வெட்சூட்டே போதும், உடல் எளிதில் தளரும். புதியவர் வெப்பமண்டலக் கடலில் தொடங்குவது அதனாலேயே புத்திசாலித்தனம். அதே வெதுவெதுப்பில் காதின் வெளித்துளையில் நோய்த்தொற்றும் எளிதில் வரும். ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவி உலர விடுங்கள். குப்புற மிதப்பதால் பின்கழுத்தும் கெண்டைக்காலும் வெயிலில் வெந்துவிடும் என்பதை முதல் நாளே அறிந்துகொள்பவர்கள் குறைவு. நிறையத் தண்ணீர் குடியுங்கள். உடலில் நீர் வற்றினால் சளி கெட்டிப்பட்டு மறுபடியும் காதுக்குத்தான் தொல்லை. இடுப்பில் கட்டும் எடைப் பட்டையான வெயிட் பெல்ட்டை உங்களுக்கு ஏற்ப அளந்து கொடுப்பார்கள். ஏறத்தாழ 10 மீட்டரில் மிதக்காமலும் மூழ்காமலும் நிற்கும்படி எடை இருந்தால், கடைசி மீட்டர்களில் கடலே உங்களை மேலே தூக்கிவிடும். சீக்கிரம் இறங்க வேண்டுமென்று கூடுதல் எடை கேட்காதீர்கள்.

தோழி சொல்வதில் பாதி சரி. இரண்டும் வேறு வேறு ஆபத்துகள் கொண்ட வேறு வேறு பயிற்சிகள். ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது. இதில் அடக்குவதே வேலை. இரண்டையும் ஒரே விடுமுறையில் செய்தால் ஃப்ரீடைவிங்கை முதலில் முடியுங்கள்; ஸ்கூபா முடிந்து ஒரு முழு நாள் கழியாமல் மூச்சடக்கி ஆழத்துக்குப் போகக் கூடாது. ஆழத்தில் ஸ்கூபாக்காரர் யாராவது அன்போடு தன் உருளையிலிருந்து மூச்சு தர வந்தாலும் வாங்காதீர்கள். அங்கே இழுத்த காற்று மேலேறும்போது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடலாம். அம்மாவிடம் ஆழத்தைப் பற்றிப் பேசாமல், அந்த 30 விநாடிக் காவலைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள்.

16 மீட்டர் எட்டவில்லையென்றால் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மூன்றாம் நாள் முடிவில் எட்டு மீட்டரில் காது நின்றுவிட்டால், அந்த எட்டு மீட்டரோடு திரும்பி வந்து, ஃபிரென்செல்லைத் தொடர்ந்து பழகிவிட்டு, பிறகு ஒருநாள் போய் மிச்சத்தை முடிக்கலாம். பல பள்ளிகள் இதற்கு அனுமதிக்கின்றன.

கேமரா வாங்க வேண்டாம். ஒரு கை மூக்கிலும் மறு கை கயிற்றிலும் இருக்கும். மூன்றாவது கை நமக்கு இல்லை.