குடலில் ரத்தம் எங்கே கசிகிறது? ஆர்பிசி ஸ்கேன் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு மலத்தில் ரத்தம் போகிறது. எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. இப்போது ஆர்பிசி ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். இதில் மட்டும் எப்படித் தெரியும் சார்?

பதில்: அந்த இரண்டு குழாய்களும் எட்டாத சிறுகுடல் நடுவில் நிறைய இருக்கிறது. இதில் அப்பாவின் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, சிவப்பணுக்களில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி, திரும்ப உடம்பில் செலுத்துவோம். பிறகு அதன் கதிர்களைப் படமாக்கும் காமா கேமராவின் கீழ் படுக்கவைத்து, ஒரு மணி நேரமாவது வயிற்றை விடாமல் படம் எடுப்போம். நிமிடத்துக்கு 0.1 மில்லி கசிந்தாலே தெரிய வாய்ப்புண்டு. ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் ஆஞ்சியோகிராமில் தெரிய 0.5 மில்லியாவது கசிய வேண்டும்.

ஆனால் படத்தில் கறுப்புப் புள்ளி தெரிந்ததும் நான் நம்பிவிட மாட்டேன். கசிந்த ரத்தம் குடலோடு ஓடும் என்பதால் அது நகர வேண்டும். ஒருமுறை வலது அடிவயிற்றில் மிளகளவு கறுப்பு தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடர்ந்து, மேலேறி, கல்லீரலுக்குக் கீழே திரும்பி இடப்பக்கம் ஓடியது. பெருங்குடலின் வளைவு அப்படியே தெரிந்தது. கசிவு அதன் தொடக்கத்தில்! சிறுகுடல் என்றால் வயிற்றின் நடுவில் வளைந்து வளைந்து போகும். அசையாமல் நிற்பது பெரும்பாலும் ரத்தக்குழாயோ சிறுநீரகமோதான்.

கேள்வி: இன்று ராத்திரியே எடுக்கச் சொல்கிறார்கள். காலையில் வரலாமா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். குடல் ரத்தம் விட்டுவிட்டுப் போகும். நின்ற நேரத்தில் எடுத்தால் படத்தில் கசிவு எதுவும் தெரியாது. நோய் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். அதனால் 24 மணி நேரம் வரை மறுபடி படம் எடுக்கலாம். ஆனால் இடைவெளி விட்டு எடுத்த படத்தில் ரத்தம் வேறு இடத்துக்கு ஓடியிருக்கும். அதை மட்டும் நம்பி அறுவை சிகிச்சைக்கு இடம் குறிக்கக் கூடாது.

கேள்வி: நான்கு வயது மகன். வலியே இல்லாமல் ரத்தம் போனது. மெக்கல் ஸ்கேன் என்கிறார்கள். அதுவும் இதுதானா?

பதில்: இல்லை அம்மா. பிறவியிலேயே சிறுகுடலில் மெக்கல் என்ற ஒரு சிறு பை இருந்து, அதில் இரைப்பையின் உட்சுவர் வளர்ந்திருந்தால் டெக்னீசியத்தை அது தானாக இழுக்கும். இரைப்பை தெரியும் நேரத்திலேயே இதுவும் தெரியும். அப்போது ரத்தம் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. குழந்தை எவ்வளவு நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எடுத்த ரத்தம் வேறு ஒருவருக்கு மாறிப் போய்விடாதா?

பதில்: அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு. சிரிஞ்சில் பெயர், எண் ஒட்டி, ஊசி போடும் முன் உங்கள் வாயால் பெயர் சொல்லச் சொல்லி, கைப்பட்டையோடு ஒப்பிட வேண்டும். யாரும் கேட்காவிட்டால் கையை நீட்டாதீர்கள். "இது என் ரத்தம்தானா?" என்று நீங்களே கேளுங்கள்.