கண்ட்ரோல் ஒய் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

கேள்வி: அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். காலையில் வேர்டில் மேட்டர் திருத்திவிட்டு மதியம் ஃபோட்டோஷாப்புக்குப் போனால், ரீடூ செய்ய, அதாவது அன்டூவில் போனதைத் திரும்பக் கொண்டுவர, கை தானாகக் கண்ட்ரோல் ஒய்யைத் தட்டுகிறது. ரீடூ ஆவதில்லை, படத்தின் நிறம்தான் ஒரு மாதிரி மங்குகிறது. எல்லா மென்பொருளுக்கும் ஒரே ஷார்ட்கட்டை ஒரே இடத்தில் அமைத்துக்கொள்ள முடியாதா?
- ஒரு வாசகி, சிவகாசி

பதில்: படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். ஃபோட்டோஷாப்பில் கண்ட்ரோல் ஒய் என்றால் ப்ரூஃப் கலர்ஸ், அதாவது அச்சில் நிறம் எப்படி விழும் என்று திரையிலேயே காட்டுவது. ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் சிஎம்ஒய்கே (அச்சு மையின் நான்கு நிறங்கள்) என்று புதிதாக ஒட்டியிருக்கும், பாருங்கள். இன்னொரு முறை தட்டினால் பழையபடி ஆகிவிடும். அங்கே ரீடூவுக்குக் கண்ட்ரோல் ஷிஃப்ட் இசட்.

ஒரே இடத்தில் அமைக்க விண்டோஸில் வழி இல்லை. எந்த விசையைத் தட்டினீர்கள் என்று சொல்வதோடு விண்டோஸ் ஒதுங்கிக்கொள்ளும், அதை வைத்து என்ன செய்வது என்பது அந்தந்த மென்பொருளின் இஷ்டம். அதனால்தான் கண்ட்ரோல் டி எக்செலில் மேல் செல்லில் இருப்பதைக் கீழே நிரப்புகிறது, வேர்டில் ஃபான்ட் பெட்டியைத் திறக்கிறது, குரோமில் புக்மார்க் போடுகிறது. மேக்கில் கொஞ்சம் தேவலை: கீபோர்டு செட்டிங்ஸில் ஆப் ஷார்ட்கட்ஸ் பகுதிக்குப் போய், மெனுவில் உள்ள பெயரை அச்சு அசலாக அடித்துக் கொடுத்தால் எல்லா ஆப்புக்கும் ஒரே ஷார்ட்கட் வைக்கலாம். ஆனால் அதே வேலைக்கு இன்னொரு ஆப் வேறு பெயர் வைத்திருந்தால் போச்சு.

சரி, உங்களுக்கு. ஃபோட்டோஷாப்பில் எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் திறந்து ரீடூவுக்குக் கண்ட்ரோல் ஒய் கொடுங்கள். அது ஏற்கெனவே வேறு வேலைக்கு இருக்கிறது என்று எச்சரிக்கும், பரவாயில்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள். அந்த செட்டைச் சேமித்தால் தனி ஃபைலாகிவிடும், பென்டிரைவில் போட்டு அடுத்த கணினிக்கும் கொண்டுபோகலாம். இப்படி மாற்ற இடம் தராத மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற துணை மென்பொருள் இருக்கிறது, இலவசம்தான். அதில் கீபோர்டு மேனேஜரில் ஷார்ட்கட்டை மாற்றும்போது எந்த ஆப்புக்கு என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், விட்டால் வேர்டிலும் சேர்ந்து மாறி, நன்றாக இருந்ததும் கெட்டுவிடும்.

அப்புறம், ஷிஃப்ட் மாறி அதே சிஸ்டத்தில் உட்காருகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அவர் ப்ரூஃப் பார்க்கக் கண்ட்ரோல் ஒய் தட்டுகிறவராக இருக்கலாம்.