ஒகாதா கோரின்: கேட்டவையும் சொன்னவையும்

கே: ஜப்பானியக் கலைஞர் கோரினை ஓவியர் என்பதா, அலங்காரக் கலைஞர் என்பதா?

ப: அப்படி ஒரு கோடு அவர் போட்டுக்கொள்ளவே இல்லை. மடிப்புத் திரை, மருந்துப் பெட்டி, விசிறி, கிமோனோ எல்லாவற்றிலும் ஒரே கைதான். 1658இல் கியோத்தோவில் பிறந்தவர். குடும்பத்தின் கரிகானேயா துணிக்கடை அரச குடும்பத்துப் பெண்களுக்கே உடை கொடுத்த கடை. கண் முதலில் பழகியது துணியில்.

கே: அவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளை ஏன் வரைந்து பிழைத்தார்?

ப: ஊதாரி, வேறென்ன! 1687இல் அப்பா இறந்ததும் வந்த சொத்தைக் கரைத்துவிட்டார். கடன் கழுத்தை நெரித்த பிறகுதான் தூரிகை தொழிலானது. 1701இல் கலைஞர்களுக்குத் தரும் ஹொக்கியோ என்ற கௌரவப் பட்டம் வந்தது. தம்பி கென்சான் குயவர். அவர் செய்த சதுரத் தட்டுகளில் அண்ணன் வரைந்திருக்கிறார்.

கே: அவருடைய ஐரிஸ் பூத் திரைகளில் அப்படி என்ன விசேஷம்? பூக்கள் மட்டும்தானே?

ப: அதுதான் விசேஷம்! ஆறு மடிப்புத் திரைகள் இரண்டு, பரப்பெல்லாம் தங்க ரேக்கு. பூவுக்கு நீலம், இலைக்குப் பச்சை, அவ்வளவுதான். தண்ணீரும் இல்லை, கரையும் இல்லை. ‘இசே கதைகள்’ என்ற பழைய ஜப்பானிய நூலில் ஊரைப் பிரிந்து வந்த ஒருவன் எட்டுப் பலகைப் பாலத்தருகே இந்தப் பூக்களைக் கண்டு மனைவியை நினைத்துப் பாடுவான். கோரின் பாலத்தையும் ஆளையும் எடுத்துவிட்டார். உற்றுப் பாருங்கள், ஒரு பூக்கொத்து தள்ளி இன்னோரிடத்தில் அப்படியே மறுபடி வரும். வெட்டிய அச்சு வைத்து இறக்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். துணிக்கடைப் புத்தி போகுமா? பிற்பாடு பாலத்தோடும் ஒரு ஜோடி வரைந்தார். அது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்குப் பாலம் இல்லாததுதான் ஒரு படி மேல்.

கே: பாலம் இல்லாத அந்தத் திரைகளை எங்கே பார்க்கலாம்?

ப: டோக்கியோ நெசு அருங்காட்சியகம். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வெளியே எடுப்பார்கள். 2004இல் வந்த 5000 யென் நோட்டின் பின்பக்கத்திலும் இதே பூக்கள் உண்டு.

கே: அவருக்குச் சீடர் பரம்பரை உண்டா?

ப: நேராகக் கற்றுத் தொடர்ந்த பரம்பரை என்று சொல்ல முடியாது. கோரின் 1716இல் இறந்தார். அவரும் முன்னவரான சோதாத்சு என்ற ஓவியரின் காற்றுக் கடவுள், இடிக் கடவுள் திரையைப் பார்த்து வரைந்தவர்தான். 1761இல் பிறந்த ஓவியர் சகாய் ஹோயித்சு 1815இல் எதோவில் (இன்றைய டோக்கியோ) கோரினுக்கு நூறாவது நினைவு நாள் எடுத்தார், அவர் படங்களைத் தொகுத்து அச்சிட்டார். அப்புறம் கோரின் வரைந்த அந்தக் கடவுள் திரையின் முதுகிலேயே வரைந்தார்: இடிக் கடவுளுக்குப் பின்னால் மழையில் நனைந்த கோடைப் புல், காற்றுக் கடவுளுக்குப் பின்னால் காற்றில் சாயும் இலையுதிர்காலப் புல். பாதுகாப்புக்காக இப்போது இரண்டையும் தனித்தனித் திரையாகப் பிரித்துவிட்டார்கள்.