‘தானே’ என்றொரு சொல்

அன்புள்ள ஐயா,

என் மகள் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, குவாசர்களின் எக்ஸ் கதிர்களை ஆராயப் போகிறேன் என்கிறாள். குவாசர் என்றால், நடுவில் பெரிய கருந்துளை உள்ள, வெகுதூரத்தில் பளிச்சென்று ஒளிரும் கேலக்ஸி மையமாம். கருந்துளையிலிருந்து ஒளிகூடத் தப்பாது என்கிறார்கள். அப்புறம் எக்ஸ் கதிர் எங்கிருந்து வருகிறது? பக்கத்தில் போய்ப் பார்த்தவர் யாருமில்லை. எல்லாம் அனுமானம்தானே? செலவு வேறு கோடிக்கணக்கில். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

கா.

அன்புள்ள கா.,

பெண்ணைப் பெற்றவரின் கவலை கடிதம் முழுக்கத் தெரிகிறது. செலவுக் கணக்கை இப்போது விட்டுவிடுங்கள். முதல் சந்தேகத்துக்கு விடை எளிது. எக்ஸ் கதிர் கருந்துளைக்கு வெளியிலிருந்துதான் வருகிறது. உள்ளே விழப்போகும் வாயு தட்டுபோலச் சுழன்று, உரசிச் சூடேறி, புற ஊதா ஒளியை வீசுகிறது. அருகிலேயே நூறு கோடி டிகிரி அளவில் கொதிக்கும் எலெக்ட்ரான் திரள் ஒன்று உண்டு. கரோனா என்பார்கள். அதில் மோதும் புற ஊதா ஒளி ஆற்றல் ஏறி எக்ஸ் கதிராக வெளியே வருகிறது. சரி, அது முடிந்தது.

என்னைச் சுட்டது ‘அனுமானம்தானே’. அந்தத் ‘தானே’ எங்கிருந்து வந்தது உங்களுக்கு? மலையில் புகையைக் கண்டு நெருப்பை அறிவதை நம் தருக்க மரபு ஓர் அளவையாகவே, அதாவது உண்மையை அறியும் வழியாகவே, வைத்தது, வதந்தியோடு சேர்க்கவில்லை. உங்கள் வீட்டில் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துத்தானே உலையை இறக்குகிறார்கள்? மற்ற பருக்கைகள் வெந்தது அனுமானம்தானே என்று இலையை விட்டு எழுந்துவிடுவீர்களா? படித்தவர்கள் இப்படிப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. எனக்கு எட்டு வயது. ராய்ச்சூர் பக்கம் முழு சூரிய கிரகணம், எங்கள் ஊரில் பாதியும் காலுமாக. பாட்டி ஊறுகாய் ஜாடியில் தர்ப்பையைப் போட்டுக் கதவைச் சாத்தினாள். நான் கொல்லைப்புறமாக நழுவினேன். வேப்பமரத்தடியில் எப்போதும் வட்டம் வட்டமாகக் கிடக்கும் வெளிச்சப் பொட்டுகள் அன்று அத்தனையும் பிறைகள். இலையிடுக்கு ஒவ்வொன்றும் ஒரு சூரியனைத் தரையில் இறக்கியிருந்தது. நான் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கவே இல்லை. கிரகணத்தைப் பார்க்கவில்லை என்று சொல்வீர்களா?

ஆர்எக்ஸ் ஜே1131 என்றொரு குவாசர், சுமார் 600 கோடி ஒளியாண்டுக்கு அப்பால். வழியில் நிற்கும் ஒரு கேலக்ஸியின் ஈர்ப்பு அதன் ஒளியை வளைப்பதால் நமக்கு அது நான்காகத் தெரிகிறது, மரத்தடிச் சூரியன்கள்போல. அந்த கேலக்ஸியின் விண்மீன்கள் குறுக்கே நகர நகர, நான்கு பிம்பங்களும் தனித்தனியே கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட எக்ஸ் கதிர் பலமாக ஏறி இறங்குகிறது. ஒளிரும் இடம் சிறியதாக இருந்தால்தான் அப்படி ஆடும். இந்த ஆட்டத்தை வைத்தே, எக்ஸ் கதிர் வருவது கருந்துளையை ஒட்டிய மிகச் சிறிய பகுதி என்று அளந்துவிட்டார்கள். 2014இல் அதே குவாசரின் எக்ஸ் கதிரைக் கொண்டு கருந்துளை சுழலும் வேகத்தையும் கணித்தார்கள்: ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல். இதையெல்லாம் பார்த்துத் தந்த கருவிகளில் ஒன்று, 1999இல் விண்ணுக்குப் போன சந்திரா என்ற எக்ஸ் கதிர் தொலைநோக்கி. நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். எக்ஸ் கதிரை நம் காற்று மண்டலம் தடுத்துவிடும் என்பதால் மேலே நின்று, வந்து விழும் ஒவ்வொரு ஒளித்துகளையும் எண்ணுகிறது: எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு ஆற்றல். உங்கள் மகள் உட்கார்ந்து பார்க்கப்போவது அந்தப் பட்டியலைத்தான்.

அன்று பாட்டி என்னைத் தேடிக்கொண்டு வந்து காதைத் திருகினாள். நான் தரையைக் காட்டினேன். திருகிய கையை எடுக்காமலே குனிந்து பார்த்தாள். அப்புறம் அந்தக் கையை விரித்து நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு பிறை வந்து விழுந்தது. கையைக் கொஞ்சம் நகர்த்தி அடுத்ததையும் பிடித்தாள்.