தினமும் குடித்து, சாப்பாட்டை விட்டவருக்கு ஞாபகமறதி வருமா? சரியாகுமா?

வரும். எங்கள் மாமாவுக்கு வந்தது. அம்மாவின் தம்பி, காசிமேட்டில் லாஞ்சில் (விசைப்படகு) மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர். உங்கள் அப்பாவுக்கு 52 வயது, ராத்திரி குவார்ட்டரோடு சரி, சோற்றைத் தொடுவதில்லை, காலையில் பேசியது மதியம் நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மாமாதான் கண்ணில் நின்றார்.

ஒரு வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 முதல் 61 நாள் லாஞ்சு கடலுக்குப் போகக் கூடாது) பகலிலேயே ஆரம்பித்துவிடுவார். தொட்டுக்கொள்ள ஊறுகாய், அவ்வளவுதான். அத்தை போட்ட சோறு தட்டிலேயே காயும். மே கடைசியில் ஒருநாள் விடிகாலையில், "இப்பதான் கரைக்கு வந்தோம், வஞ்சிரம் நல்லா மாட்டுச்சு" என்றார். ஒரு லாஞ்சும் நகராத நேரம். போதையில் புளுகுவதாக அத்தை திட்டினார். அன்றைக்கு அவர் இன்னும் பாட்டிலைத் திறக்கவே இல்லை.

அது புளுகு இல்லையாம். மூளையில் புது நினைவு பதியாமல் போகிறது. அந்தப் பள்ளத்தைப் பழைய நினைவுகளைப் போட்டு மூளையே நிரப்பிக்கொள்கிறது. சொல்பவர் அதை நிஜமென்றே நம்புகிறார். 1880களில் இதை விவரித்த ரஷ்ய டாக்டர் கோர்சகோவின் பெயரில்தான் இந்த நோயைச் சொல்கிறார்கள்.

குடியோடு பட்டினியும் சேர்வதுதான் வினை. தயமின் என்கிற பி1 வைட்டமின் உடம்பில் இருப்பே சுமார் 30 மில்லிகிராம்தான். சாப்பாட்டில் வராவிட்டால் சில வாரத்தில் தீர்ந்துவிடும். கொஞ்சநஞ்சம் சாப்பிட்டாலும் அதைக் குடல் உறிஞ்சவிடாமல் மது கெடுக்கும். தயமின் இல்லாமல் மூளையால் குளுக்கோஸை எரிக்க முடியாது.

நாங்கள் கோட்டைவிட்டது இந்த மறதிக்கு முந்தைய கட்டத்தில். காலை அகட்டி வைத்துத் தள்ளாடுவார், எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்பார். போதை என்றே நினைத்தோம். ஏரியா கிளினிக் ஒன்றில் வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி அனுப்பினார்கள். தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகி நிலைமை மோசமாகலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகத் தயமின் ஊசி போட்டார்கள். கண் சில நாளில் தெளிந்தது, நடை பல மாதம் எடுத்தது. நினைவு பாதிதான் திரும்பியது. 2004 சுனாமியில் எந்தப் படகு எங்கே ஒதுங்கியது என்று வரிசையாகச் சொல்வார். சாப்பிட்டாச்சா என்று கேட்டால் அத்தை முகத்தைப் பார்ப்பார்.

அதனால் தள்ளாட்டம், கண் கோளாறு, குழப்பம் மூன்றில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே கூட்டிப்போங்கள். கடையில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். வீட்டில் வைத்துச் சட்டென்று குடியை நிறுத்தவும் வேண்டாம், வலிப்பு வரலாம். எவ்வளவு குடிக்கிறார், எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்பதை டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எங்கேயாவது விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். உள்ளே ரத்தம் கட்டினாலும் இப்படிக் குழம்புவார்கள்.