பழைய எம்எக்ஸ்-5 பின்பக்கம் அலைகிறதா? ஷாக் அப்சார்பர் வாங்குவதற்கு முன்னால் புஷ்ஷைப் பாருங்கள்

கேள்வி: 1994 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன். வளைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டாலோ பிரேக்கைத் தொட்டாலோ பின்பக்கம் ஒரு கணம் தானாகத் திரும்பப் பார்க்கிறது. பள்ளத்தில் இறங்கினால் 'டொக்' என்று சத்தம். பின் டயர் இரண்டிலும் உள் ஓரம் மட்டும் தேய்கிறது. மெக்கானிக் நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார். அது போதுமா? புஷ் மாற்றுவதென்றால் ரப்பரா, பாலியூரித்தேனா? இதை நானே செய்ய முடியுமா?

பதில்: ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம், அந்த வயதுக் காரில் போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் நீங்கள் சொல்லும் கோளாறு அதனால் மட்டும் வருவதல்ல. ஷாக் அப்சார்பரின் வேலை ஸ்பிரிங் துள்ளுவதை அடக்குவது. சக்கரம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று பிடித்து வைப்பது மேலும் கீழும் இருக்கும் விஷ்போன் ஆர்ம்களும் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் இரும்புக் கைகள்), அவற்றின் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்களும் (போல்ட் போகும் குழாயைச் சுற்றிய ரப்பர் வளையங்கள்)தான். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 வந்தது 1989 முதல் 1997 வரை. உங்கள் காரில் இருப்பது கம்பெனி போட்ட புஷ்களே என்றால், ரப்பர் ஒரு பக்கம் கல்லாக இறுகியும் இன்னொரு பக்கம் கிழிந்தும் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் இழுபடுகிறது, தளர்ந்த புஷ் அதற்கு இடம் கொடுக்கிறது, சக்கரத்தின் முன்முனை வெளியே திரும்புகிறது. முன் சக்கரத்தில் இப்படி நடந்தால் ஸ்டீயரிங்கில் தெரியும், சமாளிக்கலாம். பின் சக்கரத்தில் நடந்தால் கார் தானே திரும்புவது போலத்தான் இருக்கும். டயரின் உள் ஓரத் தேய்மானமும் இதோடு ஒத்துப்போகிறது. கார் தாழ்த்தப்பட்டிருந்தால் கேம்பரும், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருப்பதும், சேர்ந்துகொண்டு தேய்க்கும்.

எதையும் ஆர்டர் செய்வதற்கு முன் ஒரு மணி நேரம் காருக்குக் கீழே செலவழியுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. டயரை 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அப்புறம் 3 மணி, 9 மணி. ஆட்டம் இருந்தால் ஒருவரை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், தொடர்ந்தால் புஷ். அடுத்து நீளமான லீவர் ஒன்றை ஆர்முக்கும் அது மாட்டியிருக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் வைத்து மெல்ல நெம்புங்கள். நல்ல புஷ் லேசாக அமுங்கித் திரும்பும். போன புஷ்ஷில் நடுவில் இருக்கும் இரும்புக் குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கி, ரப்பரில் நிலாப்பிறை போல ஒரு கருப்பு இடைவெளி தெரியும். 'டொக்' சத்தத்துக்கு ஆன்டி ரோல் பாரின் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியின்) லிங்க்கையும், டிக்கியில் டிரிம்முக்குப் பின்னால் இருக்கும் ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்டையும் பாருங்கள். பல நேரம் சத்தம் அங்கேயிருந்துதான் வரும், செலவு குறைவு.

கீழே போன கையோடு பின் சக்கரங்களுக்கு முன்னால் இருக்கும் சில் பகுதியை (கதவுக்குக் கீழே ஓடும் பாடியின் விளிம்பை) தட்டிப் பாருங்கள். இந்தக் காரில் தண்ணீர் வடியும் ஓட்டை அடைத்துக்கொண்டால் துரு பிடிக்கும் இடம் அதுதான். அது உளுத்துப்போயிருந்தால் முதல் செலவு அங்கே, சஸ்பென்ஷன் காத்திருக்கட்டும்.

சரி, புஷ்தான் என்று தெரிந்துவிட்டது. வீட்டில் செய்யலாமா என்றால், செய்யலாம், ஆனால் ஒரே ஒரு போல்ட் உங்கள் ஞாயிற்றுக்கிழமையை விழுங்கக்கூடும். லோயர் ஆர்மின் (கீழ் ஆர்மின்) வெளிமுனையையும் ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பாகத்தை) தாங்கும் பாகத்தையும் சேர்த்துக் குறுக்கே போகும் நீளமான போல்ட் அது. பெரும்பாலும் ஷாக் அப்சார்பரை வெளியே எடுக்கவே அதைக் கழற்ற வேண்டிவரும். இத்தனை வருஷத்தில் அது உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிப்போயிருக்கும். நட்டைக் கழற்றிவிட்டு போல்ட் தலையில் ஸ்பானர் போட்டுத் திருப்பினால், கொஞ்சம் திரும்பி, கையை விட்டதும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறதா? அப்படியென்றால் போல்ட் நகரவில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. அப்போது பலத்தைக் காட்டாதீர்கள். சில நாள் முன்னதாகவே துரு இளக்கும் எண்ணெயை இரண்டு பக்கமும் விட்டு வையுங்கள். முதலில் இறுக்கும் பக்கம் சற்றுத் திருப்பி, பிறகு கழற்றும் பக்கம், இப்படி மாற்றி மாற்றி. சுத்தியலால் அடிக்கும்போது நட்டை போல்ட் முனையோடு சமமாக மாட்டி வைத்து அடியுங்கள், இல்லாவிட்டால் மரை நசுங்கும். கேஸ் டார்ச்சால் சூடாக்குவது வேலை செய்யும்தான். ஆனால் பெட்ரோல் டேங்க்கும் அதன் குழாய்களும் பிரேக் ஹோஸும் பக்கத்திலேயே இருக்கின்றன, காரில் வைத்துச் சூடாக்குவதை நான் சொல்லமாட்டேன். வரவில்லையா, ஆர்முக்கும் ஹப் பாகத்துக்கும் நடுவே ரம்பம் விட்டு அறுத்துவிடுங்கள். எப்படியும் புஷ் புதுசு. போல்ட்டும் புதுசாகவே போட வேண்டும், இரண்டு போல்ட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் கார் ஸ்டாண்டிலேயே வாரக்கணக்கில் நிற்காது.

லோயர் ஆர்மின் உள்முனையில் இருப்பவை கேம் போல்ட்கள், மையம் விலகிய வட்டத் தட்டு உள்ளவை. அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்வது இவற்றைத் திருப்பித்தான். கழற்றுவதற்கு முன் தட்டில் இருக்கும் கோடு பிராக்கெட்டில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பெயின்ட் குறி வையுங்கள், போட்டோவும் எடுங்கள். திரும்பப் பூட்டும்போது போல்ட்டின் நடுப்பகுதியில் துரு தடுக்கும் கிரீஸ் தடவினால் அடுத்த முறை நீங்களே உங்களுக்கு நன்றி சொல்வீர்கள்.

புஷ்ஷை ஆர்மிலிருந்து எடுப்பதற்கு ஹைட்ராலிக் பிரஸ் இருந்தால் நல்லது. ஆர்மை மட்டும் கொண்டுபோய் ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் அழுத்தித் தரச் சொன்னாலும் தப்பில்லை, அது மலிவான வேலை. அழுத்தும்போது ஆர்மின் காதுகள் வளையாமல் அடியில் தாங்கு கொடுக்க வேண்டும், கவனிக்க வேண்டியது அதுதான். ரப்பர் நழுவ சோப்புத் தண்ணீர் போதும். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பரை ஊதவைத்துவிடும்.

ரப்பரா பாலியூரித்தேனா என்பதற்கு வருகிறேன். ரப்பர் புஷ்ஷில் நடுக்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டியே இருக்கும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது எதுவும் உரசாது, ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பும். பாலியூரித்தேன் அப்படியல்ல, குழாயின் மேல் சுழலும், அதனால் சிலிக்கான் கிரீஸ் வேண்டும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். எம்எக்ஸ்-5 பின்பக்க ஆர்ம்கள் ஒரே அச்சில் சுழல்வதால் பாலியூரித்தேன் இங்கே இசைவாகப் பொருந்துகிறது. பல திசையில் நெளிய வேண்டிய ஆர்ம்கள் உள்ள கார்களில் அது இறுக்கிப் பிடித்து இடைஞ்சல் தரும், அங்கே பாலியூரித்தேன் வேண்டாம். டிராக்கில் ஓட்டுபவர், கொஞ்சம் அதிர்வு இருந்தாலும் பரவாயில்லை என்பவர் பாலியூரித்தேன் போடலாம். சாலையில் மட்டும் ஓட்டும் பழைய காருக்கு நான் ரப்பரைத்தான் சொல்வேன். புது ரப்பர் போட்ட எம்எக்ஸ்-5ஐ ஓட்டிப் பார்க்காமலேயே பலர் 'ரப்பர் தொளதொளப்பு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்; அவர்கள் ஓட்டியது செத்த ரப்பரை.

ரப்பர் போட்டால் ஒரு விதியை மீறவே கூடாது, இதில்தான் நிறைய புது புஷ்கள் ஒரே வருஷத்தில் கிழிகின்றன. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது புஷ் போல்ட்களை இறுதியாக இறுக்காதீர்கள். நட்டு இறுகிய நொடியில் நடுக்குழாய் அந்த நிலையிலேயே பூட்டப்படுகிறது. பிறகு காரை இறக்கினால் ரப்பர் நின்ற இடத்திலேயே முறுக்கிக்கொண்டு நிற்கும், கார் சற்று உயர்ந்தும் நிற்கும், பள்ளத்தில் இறங்கும்போது முறுக்கு இன்னும் ஏறி ரப்பர் கிழியும். செய்ய வேண்டியது இது: வேலையைத் தொடங்கும் முன்பே, கார் தரையில் நிற்கும்போது, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை உயரத்தை இரண்டு பக்கமும் மி.மீ. கணக்கில் அளந்து டேப் ஒட்டி எழுதி வையுங்கள். ஸ்பிரிங்கை மாற்றாதவரை அதுதான் உங்கள் இலக்கு. எல்லாம் பூட்டியபின் போல்ட்களைத் தளர்வாக விட்டு, லோயர் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கி வைத்து, அதே அளவு வரும்வரை மெல்லத் தூக்குங்கள். அந்த நிலையில் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) போட்டு ஒர்க்‌ஷாப் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். அளவு வருவதற்கு முன்பே கார் ஸ்டாண்டிலிருந்து எழும்பப் பார்த்தால் நிறுத்திவிடுங்கள். சக்கரங்கள் தட்டில் நிற்கும் லிஃப்டிலோ சரிவுப் பலகையிலோ ஏற்றி இறுக்குவதுதான் பத்திரம். பாலியூரித்தேனுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் மெக்கானிக் தவறு சொல்லவில்லை, வரிசைதான் தப்பு. ஆர்ம் கழற்றியிருக்கும்போதே மாற்றினால் அந்த நீள போல்ட்டோடு இரண்டாவது முறை மல்லுக்கட்ட வேண்டாம். ஷாக் அப்சார்பர் உடம்பில் எண்ணெய் வழிந்திருந்தாலோ, கழற்றிய பின் தண்டை அழுத்தும்போது ஓரிடத்தில் சட்டென்று வெறுமையாக உள்ளே போனாலோ மாற்றியே ஆக வேண்டும், எப்போதும் ஜோடியாக. பின் ஜோடியை இப்போதும் முன் ஜோடியை அடுத்தும் செய்யலாம், ஆனால் ரொம்ப நாள் தள்ளாதீர்கள். பம்ப் ஸ்டாப்பையும் (சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது மோதலைத் தாங்கும் ரப்பர் தடை) மறக்காதீர்கள், பழைய காரில் தொட்டாலே உதிரும். இந்தக் கார் சின்னப் பள்ளத்திலேயே பம்ப் ஸ்டாப்பைத் தொடும், அதனால் அது வெறும் அலங்காரம் இல்லை. ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியை எதிரெதிரே இரண்டு பக்கமும் மாட்டி, கை ஸ்பானரால் மாறி மாறி இறுக்குங்கள், இம்பாக்ட் கன் வேண்டாம். ஸ்பிரிங் தளர்வாக ஆடும்வரை மேல் நட்டைத் தொடாதீர்கள். தண்டை இடுக்கியால் பிடித்தால் அதில் விழும் கீறலே புது சீலைக் கொன்றுவிடும்.

அலைன்மென்ட் இல்லாமல் இந்த வேலை முடியாது. பெயின்ட் குறி வைத்துப் பூட்டினால் கடை வரை ஓட்டிப்போகலாம், அவ்வளவுதான். புது ஸ்பிரிங் போட்டிருந்தால் ஒரு வாரம் ஓட்டி அது படிந்தபின் போங்கள். ஓட்டுநர் எடைக்கு ஈடாகச் சீட்டில் ஏதாவது வைக்கச் சொல்லுங்கள், டேங்க்கில் பாதி பெட்ரோல் இருக்கட்டும். பின் சக்கரங்களுக்கு லேசான டோ-இன் (முன்முனைகள் உள்நோக்கித் திரும்பியிருப்பது) வேண்டும், இரண்டு பக்கமும் சமமாக. டோ-அவுட் (முன்முனைகள் வெளிநோக்கி) இருந்தால் நீங்கள் எழுதிய அதே ஆட்டம் புது புஷ்ஷோடும் வரும். முன் பக்கத்தை மட்டும் சரிசெய்துவிட்டு 'அலைன்மென்ட் முடிந்தது' என்று அனுப்பும் கடைகள் உண்டு, அதனால் நான்கு சக்கரத்தின் அளவும் இருக்கும் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.