சுடப்பட்டுப் பிழைத்த இளைஞர் ஏன் மறுபடி அதே மருத்துவமனைக்கு வருகிறார்?

தையல் போட்டு அனுப்பினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். காயம் ஆறிவிடும், பகை ஆறாதே! திரும்பிப் போவது அதே தெருவுக்கு. பழிவாங்கத் தூண்டும் கூட்டாளிகளும் அங்கேதான். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1989-இல் வெளியான ஆய்வில், வன்முறைக் காயத்தோடு வந்தவர்களில் 44 சதவீதம் பேர் ஐந்தாண்டுக்குள் மீண்டும் காயப்பட்டார்கள். கிட்டத்தட்ட நாள்பட்ட நோய்தான்.

ஒவ்வொரு முறையும் அறுவை சிகிச்சை, ரத்தம், ஐசியு என்று புதுக் கணக்கு. காப்பீடு இல்லாதவரின் பில் பெரும்பாலும் மருத்துவமனை தலையிலோ அரசின் தலையிலோ விழும்.

அமெரிக்காவின் இன்னொரு நகரமான பால்டிமோரில் கார்னெல் கூப்பர் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் 1998-இல் வேறு வழி பார்த்தார். படுக்கையருகிலேயே சமூகப் பணியாளர் பேச்சுக் கொடுப்பார். வீடு திரும்பிய பிறகும் வேலை, படிப்பு, போதை மீட்புக்கு உதவுவார். 2006 ஆய்வில் இத்திட்டத்தில் இருந்தவர்களில் 5 சதவீதம் பேரே காயத்தோடு திரும்பினார்கள். இல்லாதவர்களில் 36 சதவீதம். நூறு பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், ஆனாலும் வித்தியாசம் லேசானதல்ல.